கண்ணில் ரோமம் உள்ள ஈ

வித்யாலட்சுமிக்குச் சோறு போடுவது பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் சாப்ட்வேர் டெஸ்டிங். பெயர் வாங்கித் தந்ததோ ஈக்கள். கம்பளிப்பூச்சியின் மேல் முட்டையிட்டு, பொரிந்ததும் அதை உள்ளிருந்தே தின்று வளரும் குட்டி ஒட்டுண்ணி ஈக்கள். ஊரிலுள்ள பூச்சிப் பைத்தியங்களெல்லாம் ஓர் இணையதளத்தில் படம் ஏற்றுவார்கள். இவள் கம்பெனி காரில் உட்கார்ந்தபடி இன்ன ஈ என்று சொல்வாள். இன்னொருவர் ஆமோதித்தால் பெயர் உறுதி. வித்யா சொல்லிவிட்டால் படத்தைப் பார்க்காமலே ஆமோதிக்கிறவர்கள் ஏராளம். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மூன்று வருடத்துக்கு முன், தபால் ஆபீசில் ரிட்டயரான ஆஸ்டின் டவுன் ஆம்ப்ரோஸ், தன் கறிவேப்பிலைச் செடியில் உட்கார்ந்த ஓர் ஈயை மேலிருந்து படமெடுத்துப் போட்டார். வித்யா சொன்ன பெயர், பெங்களூரில் அதுவரை யாரும் பதிவு செய்யாத ஈயின் பெயர். மனிதர் படத்தை ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டார். அதே சாயலில் வந்த நாற்பது படங்களுக்கும் அவள் அதே பெயரை வைத்தாள்.

போன வாரம் ஹெப்பகோடியிலிருந்து ஸ்ரீஹர்ஷா என்பவர் அதே ஈயைப் பக்கவாட்டில் எடுத்துப் போட்டிருந்தார். கண் முழுக்க ரோமம். அவள் சொன்ன ஈக்குக் கண் மழமழவென்று இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் அது தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னது அவள்தான். பேசாமல் இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் நாற்பது படங்களிலும் பெயரைத் திரும்பப் பெற்றாள். ஆம்ப்ரோஸ் படத்தில் மட்டும் மனசு வரவில்லை. நேரில் சொல்வதுதான் மரியாதை என்று, ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சிலிருந்து திரும்பும் நேரம் பார்த்துப் போனாள்.

“சார், உங்க ஈக்கு நான் சொன்ன பேரு தப்பு. இது ஊரெல்லாம் இருக்கிற ஈதான். கண்ணுல ரோமம் இருக்கு, நான் பாக்கல. மன்னிச்சுடுங்க.”

“ரோமமா?” ஆம்ப்ரோஸ் போனைத் துழாவி ஒரு படத்தைக் காட்டினார். அதே ஈ, பக்கவாட்டில். ரோமம் பளிச்சென்று தெரிந்தது.

“இது எப்ப சார் எடுத்தீங்க?”

“அன்னிக்கேதான் மேடம்.”

“அப்புறம் ஏன் போடல?”

“நீங்க பேரு சொல்லிட்டீங்களே! அந்த ஈக்கு ரோமம் இருக்காதுன்னு படிச்சேன். சரி, நம்ம லென்ஸ்லதான் ஏதோ கோளாறுன்னு அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிட்டேன்.”

இதைவிட அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று வித்யாவுக்குத் தோன்றியது.