தறி நின்றபோது கேட்ட பாட்டு

என் அத்தையைப் பேட்டி எடுக்க வருகிறவர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி, முதலில் எங்கே பாடினீர்கள் என்பது. அத்தையும் தவறாமல் சூரமங்கலத்தில் நடந்த பாட்டுத் தேர்வைச் சொல்வாள். அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்ட பாட்டுகள் டவுன் பஸ்ஸிலும் முட்டை லாரியிலும் ஒலிக்கிற இந்த நாளில் அதை மறுத்துப் பேச நான் யார். ஆனால் அதற்கு நாலு நாள் முன்னால் அவள் பாடிய பாட்டு ஒன்று உண்டு. அதைப் பாதியில் கெடுத்த புண்ணியவதி நான் என்பதால் எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில், துண்டு நெய்கிற ஒரு தறிப்பட்டறையில்தான் குடும்பமே வேலை செய்தது. வாசலை ஒட்டிய தறி அப்பாவுக்கு. அப்பாவின் தங்கையான அத்தைக்குக் கடைசி மூலைத் தறி. அம்மா வெளியே உட்கார்ந்து தார்க்குச்சிகளில் நூல் சுற்றித் தருவாள். முழுப் பரீட்சை லீவு விட்டால் என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் கிடையாது. எனவே ஒன்பது வயதில் என் கோடை வாசஸ்தலமும் அந்தப் பட்டறைதான்.

பன்னிரண்டு தறிகள் ஒன்றாக ஓடினால் காதருகே வந்து கத்தினாலும் கேட்காது. அதனால் தறிக்காரர்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். குழம்பில் உப்பு அதிகம் என்பதிலிருந்து பக்கத்து ஊர்க் கல்யாணம் நின்றது வரைக்கும் எல்லாம் உதட்டிலேயே நடக்கும். எனக்கும் அந்த வித்தை சுலபமாக வந்துவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

அத்தை சுவரைப் பார்த்து நின்று தறி ஓட்டுவாள். அவள் முகம் தெரிவது சுவரோரம் நூல் மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிற எனக்கு மட்டும்தான். வேலை நேரம் முழுக்க அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கும். கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம் அவள் எழுதி வைத்திருந்த பாட்டுகள் அவை. அந்த இரைச்சலுக்குள் தொண்டை நரம்பு புடைக்கப் பாடுவாள். வீட்டில் வாயே திறக்கமாட்டாள். ஆகவே அத்தையின் பாட்டுகளில் ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும், ஒரு மெட்டுகூடத் தெரியாது.

அந்த வருடம் சூரமங்கலத்தில் இருந்த ஒரு கிராமியப் பாட்டுக் குழு புதிய பாடகர்களைத் தேர்ந்தெடுப்பதாகச் செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பாடிக் காட்ட வேண்டும். அத்தை தைரியத்தை எல்லாம் கூட்டி அப்பாவிடம் கேட்டாள். அப்பா சோற்றிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்.

"சினிமாப் பாட்டுன்னா நாலு பேரு கேப்பாங்க. நீயா எழுதுனத எவன் அம்மிணி கேப்பான்? அங்க போயி சிரிப்பாச் சிரிச்சுப் போடுவாங்க. வேண்டாம்."

அத்தை "செரிங்கண்ணா" என்று எழுந்து போய்விட்டாள். மறுநாள் தறி ஓடும்போது என்னைப் பார்த்து, இந்தத் தடவை போகாவிட்டால் இனி எப்போதுமே போகமாட்டேன் என்று உதட்டால் சொன்னாள். கரைந்து போய்விடுவாள் போலிருந்தது. எனக்கு அப்பாமேல் பயங்கரக் கோபம். வாய் திறந்து கேட்கத்தான் தைரியமில்லை.

புதன்கிழமை காலை பத்து மணி சுமாருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போனது. நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாத காலம் அது. கரண்ட் போனால் எல்லோர் கையும் தானாகவே சுவிட்சை அணைத்துக் கைப்பிடியைத் தள்ளிவிடும். பன்னிரண்டு தறிகளும் முனகி நின்றன. அத்தையின் குரல் மட்டும் நிற்கவில்லை.

"நான் நெய்ஞ்ச துண்டு கப்பலேறிப் போயிருச்சு, நான் இன்னும் மேட்டூரு டேமு பாக்கலியே..."

தறிச் சத்தத்தை வெல்லப் பழகிய குரல், எதிர்ச் சத்தமே இல்லாத கூடத்தில் ஓட்டு விட்டம் வரை போய் முட்டியது. இத்தனை நாள் நான் உதட்டில் படித்த சொற்களுக்குள் இப்படி ஒன்று இருந்ததா? இது நம் அத்தைதானா? வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

அடுத்த நொடி அத்தைக்கு விஷயம் புரிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவும்தான். இனி சூரமங்கலம் என்ன, வேலையே போய்விடும் என்று நான் நடுங்கினேன்.

நடுத்தறியில் நின்ற வயதான அக்கா ஒருவர், "ஏனம்மிணி நிறுத்திப்போட்ட? கரண்டு வார வரைக்கும் சும்மாதான நிக்கோணும், பாடு" என்றார்.

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்தபடி வேறெங்கோ பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அது போதுமாக இருந்தது. கண்ணை மூடி முதலிலிருந்து தொடங்கினாள். பாட்டில் அவள் நெய்த துண்டால் முகம் துடைக்கிற வெளிநாட்டுக்காரி வந்தாள், பஞ்சு படிந்த தலைமுடி வந்தது. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அம்மா தார்க்குச்சியும் கையுமாக உள்ளே வந்து நின்றாள்.

அப்போது பார்த்துக் கரண்ட் வந்துவிட்டது. குண்டு பல்புகள் எரிந்தன. ஒருவரும் அசையவில்லை. ஒரு நிமிடக் கரண்டைக்கூட வீணாக்காத மனிதர்கள். முதலாளி அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க, கரண்டு வந்துருச்சுங்களே" என்றார். நடுத்தறி அக்கா திரும்பாமலே ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். முதலாளி அப்படியே கதவில் சாய்ந்து நின்றுவிட்டார்.

என் புத்தி எங்கே போனதோ. அப்பா கரண்ட் வந்ததைக் கவனிக்கவில்லை, நாம் உதவினால் அவருக்குக் கோபம் தணியும், அத்தைக்கும் நல்லது என்று கணக்குப் போட்டேன். மெல்ல அவர் தறிக்குப் போனேன். அத்தை அப்போது, "பலகை போட்டு ஏறி நின்னு பன்னெண்டு வயசுல..." என்று இழுத்துக்கொண்டிருந்தாள். நான் சுவிட்சைப் போட்டுக் கைப்பிடியை இழுத்தேன்.

குறுக்கே நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடாக் கட்டை, நீளவாட்டில் கட்டிய பாவு நூலுக்கு நடுவில் நின்றிருந்தது. அதைக் கையால் எடுத்து ஓரத்துப் பெட்டியில் ஒதுக்கிய பிறகுதான் தறியைக் கிளப்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. தறி இரண்டு அடி அடித்தது. படபடவென்று இழைகள் அறுந்தன. பாட்டு நின்றது. அப்பா ஒரே எட்டில் வந்து தறியை நிறுத்தி என் உச்சந்தலையில் ஒரு கொட்டு வைத்தார். அதுவரை அவர் என்மேல் கை வைத்ததே இல்லை. அழக்கூடத் தோன்றவில்லை.

அறுந்த இழைகளை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அத்தை பக்கம் திரும்பி, "அப்பறம்?" என்றார். "பன்னெண்டு வயசுல... அப்பறம் என்ன அம்மிணி?"

அத்தை பாடினாள். கண்ணைத் திறந்துகொண்டு, அப்பாவைப் பார்த்தே பாடினாள்.

"என்னையுஞ் சேத்து நெய்ஞ்சாரே எங்கண்ணன்."

பாட்டு முடிந்தது. ஒருவர்கூடக் கை தட்டவில்லை. ஒருவர் பின் ஒருவராகத் தறியைக் கிளப்பினார்கள். பாட்டு யாருக்குமே பிடிக்கவில்லை என்று முடிவுகட்டினேன். சத்தம் முழுசாக எழும்புவதற்குள் அப்பா அத்தையைப் பார்த்துச் சொன்னது மட்டும் கேட்டது.

"ஞாயித்துக்கெழம வெடியால மொத பஸ்ஸுக்குக் கெளம்பீரு. நானும் வாரேன்."

அதற்குப் பிறகு அவர் சாயங்காலம் வரை தறியை ஓட்டவேயில்லை. பாவின்மேல் குனிந்து இழை பிணைத்துக்கொண்டே இருந்தார். நடுநடுவே துண்டால் கண்ணைத் துடைத்தார். பஞ்சுத் தூசி விழுந்திருக்கும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மாவிடம் முறையிட்டேன். நாலு இழை அறுந்ததற்கு இவ்வளவு பலமாகக் கொட்டுவார்களா என்று கேட்டேன்.

"இழைக்காகக் கொட்டல சாமி" என்றாள் அம்மா.

வேறு எதற்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பாட்டில் தறி எட்டாமல் பலகை மேல் ஏறி நின்ற அந்த அண்ணன், அத்தை சும்மா கற்பனையில் பிடித்துப்போட்ட யாரோ ஒரு பையன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.