பிராசசரின் வேகத்தைக் குறைக்க மாட்டேன்

என் கம்ப்யூட்டரின் பிராசசர் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று அதைச் செய்த கம்பெனி ஓர் எண்ணைப் பொறித்து அனுப்பியிருந்தது. நான் அதை அவர்களுடைய தாழ்மையான அபிப்பிராயமாக மட்டுமே எடுத்துக்கொண்டேன். பிராசசருக்கு வயதாகி, புதிய மென்பொருள்களைக் கண்டாலே மூச்சு வாங்கத் தொடங்கியபோது, புதியது வாங்கச் சொல்லி எல்லோரும் அறிவுரை சொன்னார்கள். வயதான ஒன்றை மாற்றிவிட வேண்டும் என்ற கொள்கை வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அடுத்து யாரை மாற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும். எனவே பயாஸுக்குள் நுழைந்தேன். விண்டோஸ் எழுந்திருக்கும் முன் மதர்போர்டு தன் சங்கதிகளையெல்லாம் விரித்துக் காட்டும் பக்கம் அது. அங்கே பிராசசரின் வேகத்தைக் கம்பெனி சொன்னதற்கு மேல் ஏற்றினேன். சூடு அதிகமானால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் ஓர் ஏற்பாடு இருந்தது. கோழைத்தனம் என்று அதையும் அணைத்துவிட்டேன்.

என் பிழைப்பு வீடு காட்டுவது. எங்கள் பக்கத்தில் வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர்கள், கட்டப்போகும் வீட்டை முதலில் வீடியோவில் சுற்றிப் பார்த்தால்தான் அட்வான்ஸ் பேச்சுக்கே வருவார்கள். கேமரா கேட்டைத் திறந்து உள்ளே போகும், மாடிப்படி ஏறும், பால்கனியில் நின்று இல்லாத ரப்பர் மரங்களைப் பார்க்கும். மார்த்தாண்டத்தில் இருக்கும் ஓர் இன்ஜினியருக்காக நான் இவற்றைச் செய்து கொடுக்கிறேன். வீட்டை வரைவது என் வேலை. வரைந்ததை ஒளியும் நிழலுமாக வீடியோவாக்குவது பிராசசரின் வேலை. அது வேலை செய்யும் நேரம் எனக்கு ஓய்வு. இந்த வேலைப் பங்கீட்டில் எங்கள் இருவருக்கும் இதுவரை தகராறு வந்ததில்லை.

அப்படியிருக்க ஆனி மாதம் வந்தது. குலசேகரத்தில் ஒரு பெரிய வீடு. அதன் சொந்தக்காரர் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிறார். அதே விமானத்தில்தான் என் மனைவியின் தம்பியும் துபாய் திரும்புகிறான். லீவு முழுவதும் எங்கள் வீட்டில் தங்கி, என்னை எப்படியாவது தன் கம்பெனிக்குத் தூக்கிப்போய்விட வேண்டும் என்பதே அவனுடைய திட்டம்.

"அத்தான், அந்தப் பெட்டியக் கோழிக்கூடாக்குங்க. எங்க கம்பெனில ஸ்டோர்கீப்பர் வேல கெடக்கு. ஏசி ரூம். உக்காந்தே இருக்கலாம்" என்றான், மத்தியானச் சோற்றின் முன்னால்.

"இப்பவும் உக்காந்துதானே இருக்கேன் மக்கா."

"வெள்ளிக்கெழம லீவு உண்டு."

"எனக்கு நெனச்ச நாளெல்லாம் லீவு."

"அதத்தான் அக்காவும் சொல்லுகா."

அடுக்களையில் ஒரு கரண்டி சிரித்தது. எனக்கு ரோசம் வந்துவிட்டது. "சனிக்கெழம அந்திக்குள்ள இந்த வீட்டு வீடியோ இந்தப் பெட்டியில இருந்து வரலன்னா, என் பாஸ்போர்ட்ட உங்கிட்டத் தாறேன். நீ என்ன வேலன்னாலும் போடு" என்றேன். சோறு வாயில் இருக்கும்போது சபதம் செய்யக் கூடாது. துப்பவும் முடியாது, முழுங்கவும் முடியாது. அவன் சிரித்துக்கொண்டே, பாஸ்போர்ட் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டான்.

மறுநாளே பெட்டி படுத்தது.

முதலில், விண்டோஸ் மயங்கி விழும்போது வரும் நீலத்திரை. ஏற்றிய வேகத்துக்கு மின்னழுத்தம் போதவில்லை என்று பொருள். ஒரு சிட்டிகை கூட்டிக் கொடுத்தேன். அடுத்து படம் அப்படியே உறைந்து நின்றது. மெமரியையும் சேர்த்து விரட்டியிருந்தேன், அது தாங்கவில்லை. மெமரியை மட்டும் பழைய வேகத்துக்கு இறக்கினேன். (பிராசசரை இறக்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.) பிறகு ஆர்வத்தில் எதையோ கூடுதலாக அழுத்திவிட, மதர்போர்டு எழுந்திருக்கவே மறுத்தது. பொத்தான் அளவில் ஒரு பாட்டரி அதில் உண்டு. அதைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் போர்டு எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் பிள்ளைபோல எழும். எனக்கும் அப்படியொரு பாட்டரி இருந்திருந்தால் பல கல்யாண வீடுகளுக்கு நிம்மதியாகப் போய் வந்திருப்பேன்.

அது மறந்ததையெல்லாம் மறுபடி போட்டு, வேகத்தையும் பழையபடி ஏற்றினேன். எல்லாம் சரியாயிற்று. சோதனை நிரலைப் போட்டு முழுச் சுமையில் ஓட்டிப் பார்த்தேன். அசராமல் ஓடியது. வீடியோ வேலையைத் தொடங்கிவிட்டு, சாயா குடிக்க வெளியே போனேன். திரும்பி வந்தால் பெட்டி அணைந்து கிடந்தது. நீலத்திரை இல்லை, எச்சரிக்கை இல்லை. ஒரேயடியாக இருட்டு.

அன்றிலிருந்து இதே கதை. அணைந்ததும் ஓடிவருவேன், பக்கவாட்டு மூடியைத் திறப்பேன், ஒயர்களை அழுத்திவிடுவேன், சோதனை ஓட்டுவேன். ஒரு குறையும் இராது. மூடிவிட்டு நிஜ வேலையைக் கொடுத்துவிட்டு வெளியே போனால் அணைந்துவிடும். மழைக்காலத்து வோல்டேஜைச் சந்தேகித்தேன். நண்பன் கடையிலிருந்து வேறு பவர் சப்ளை கொண்டுவந்து மாட்டினேன். அதிலும் அணைந்தது. சூட்டை மட்டும் நான் சந்தேகிக்கவில்லை. பிராசசரின் தலையில் செங்கல் அளவுக்குக் கூலர் மாட்டியிருக்கிறேன், பெட்டியின் மேல்பக்கம் முழுவதும் வலை, அதன் வழியாகச் சூடு புகைபோக்கியில் போவதுபோலப் போய்விடும். எனக்கு என் கைவேலை மீது அவ்வளவு நம்பிக்கை. சூட்டைக் காட்டும் நிரல் ஒன்று உண்டு. அது ஓடினால் வேகத்தில் துளி குறையுமே என்று மூடி வைத்திருந்தேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பெட்டி நன்றாக உழைக்கும்போதெல்லாம் வீட்டில் பிரியாணிக்குத் தாளித்த வாசம் அடித்தது. அது அடுக்களையிலிருந்து வருகிறது என்று நம்பி நான் இரண்டுமுறை தட்டோடு போய் நின்று திட்டு வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை இன்ஜினியர் கூப்பிட்டார். "ஓய், எங்க வீடு? நாளன்னைக்கு பார்ட்டி பறந்துருவாரு. பாக்காமப் பறந்தாருன்னா மனசு மாறிரும். நாரோயில்ல ஒரு ஸ்டுடியோக்காரன் புது மெஷின் போட்டிருக்கான், தெரியுமுல்லா? நான் அங்கதான் போவேன். பொறவு உம்மக்கிட்ட வரவே மாட்டேன், வருத்தப்படக் கூடாது."

"வீடு வந்துட்டிருக்கு. மாடிப்படி ஏறிட்டிருக்கு" என்றேன். பெட்டி அப்போது அணைந்து கிடந்தது.

மச்சினன் என் பாஸ்போர்ட்டை எடுத்து, அதில் இன்னும் எத்தனை பக்கம் காலி என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை காலை மறுபடியும் அணைந்தது. ஓடிவந்து, வழக்கம்போலப் பெட்டியின் மேலிருந்த தட்டத்தைத் தூக்கிப் பக்கத்துக் கட்டிலில் வைத்தேன். மூடியைத் திறக்கக் குனிந்தேன். பின்னாலேயே வந்த மச்சினன் வேடிக்கை பார்க்க வசதியாகக் கட்டிலில் உட்காரப்போய், தட்டத்தைக் கையால் நகர்த்தினான்.

"எக்கா, என்னது இது, கை வெந்துபோச்சு" என்றான்.

தட்டத்தில் பரப்பியிருந்தது ஜாதிபத்திரி. ஜாதிக்காயின் ஓட்டைச் சுற்றிச் சிவப்பு வலையாகப் படர்ந்திருக்குமே, பிரியாணி மசாலாவில் சேர்ப்பார்களே, அது. எங்கள் வீட்டுப் பின்பக்கத்து மரங்கள் மழை கொட்டும் மாதத்தில்தான் காய்க்கும். வெயில் இல்லாமல் அதைக் காயவைப்பதுதான் ஆனி, ஆடியில் இந்தப் பக்கத்துப் பெண்களின் முழுநேரக் கவலை. அடுப்பின் மேல், பல்பின் கீழ், ஃப்ரிட்ஜின் பின்னால் எங்கும் ஜாதிபத்திரி கிடக்கும். அதனால் அது என் கண்ணில் தினமும் பட்டது, மண்டையில் படவில்லை. அணைந்ததும் தட்டத்தை நான்தான் எடுத்து வைப்பேன். சோதனை வெற்றி பெறும். நான் வெளியே போவேன். என் மனைவி வந்து தட்டத்தைத் திரும்ப வைப்பாள். சூடு போகும் வழியை அப்படியே அடைத்து. சூடு எல்லை தாண்டியதும் பெட்டி உயிர் பிழைக்கத் தானே அணைந்துவிடும்.

"ஏட்டி, இத எப்பத்துல இருந்து இதுக்க மேல வைக்க?" என்றேன், சத்தம் கேட்டு வந்த மனைவியிடம்.

"திங்கக்கெழம கேட்டேனே. ஒங்க பெட்டிக்க மேல வச்சுக்கிடட்டான்னு. திரும்பிக்கூடப் பாக்காம வச்சுக்கோன்னு சொன்னது ஆரு? ஃபேன் இரையத் தொடங்குனா அடுப்பு பத்திக்கிட்டுன்னு அர்த்தம். ஒடனே கொண்டு வைப்பேன். என்ன சூடு, ஒரு நாள்ல மொறுமொறுன்னு ஆவுது."

பிரியாணி வாசத்துக்கும் விடை கிடைத்தது.

மச்சினனுக்கு வாய் வந்தது. "பாத்தீங்களா அத்தான். கம்பெனி சொன்ன ஸ்பீடுல விட்டிருந்தா மேல தட்டத்த வச்சாலும் ஓடும், ஆட்டுக்கல்ல வச்சாலும் ஓடும். இப்பமாவது கொறைங்க."

அவன் சொன்னது நியாயம். அதனால்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். கம்பெனியின் வேகத்தில் ஓட்டினால் வீடியோ முடிய நடுராத்திரியாகும், சபதம் போச்சு. ஏற்றிய வேகத்தில் ஓட்டினால் அந்திக்குள் முடியலாம். வழியில் அணைந்தால் நான் ஸ்டோர்கீப்பர்.

"கொறைக்க மாட்டேன்" என்றேன்.

"அப்ப எனக்க சாதிபத்திரி?" என்றாள் மனைவி. "ஒங்க வீடியோ போனா இன்னொண்ணு செய்யலாம். இது பூசணம் பூத்துப்போச்சுன்னா மரம் அடுத்த வருசந்தான் தரும். நானும் எடுக்க மாட்டேன்."

வீட்டில் என்னைவிட வீம்புள்ள ஆள் இருப்பதை அன்று மச்சினன் முன்னிலையில் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. மேசையைச் சுவரிலிருந்து இழுத்தோம். பெட்டியின் முதுகை அறையைப் பார்க்கத் திருப்பினோம். பின்பக்க ஃபேன் காற்று வீசும் திசையில் ஒரு முக்காலி போட்டு, ஒரு முழம் தள்ளித் தட்டத்தை வைத்தோம். மேல்வலை திறந்து கிடந்தது. சூடு காட்டும் நிரலை, கொஞ்சம் வெட்கத்தோடு, திறந்து வைத்தேன். வேலையைக் கொடுத்தேன்.

அன்று நான் சாயாவுக்குக்கூடப் போகவில்லை. சூட்டின் எண் ஏறியது. ஏறி, எல்லைக்குக் கொஞ்சம் கீழே நின்றது. கூரையில் மழை, பெட்டிக்குள் இரைச்சல், அறை முழுக்கப் பிரியாணி வாசம். கேமரா கேட்டைத் திறந்தது. படி ஏறியது. பாஸ்போர்ட் மானிட்டரின் அருகில் கிடந்தது, அங்கே வைத்தது மச்சினன். நான் அதை மவுஸுக்கு அடியில் போட்டு உருட்டினேன்.

அந்தி விளக்கு வைக்கும் முன் பால்கனிக்கு வந்து சேர்ந்தது கேமரா. அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் இன்ஜினியர் கூப்பிட்டார்.

"ஓய், கொள்ளாம். பார்ட்டிக்குப் பிடிச்சிருக்கு. போர்ட்டிகோவுல இன்னும் ரெண்டு தூண் வைக்கலாமான்னு கேக்காரு."

"நாலு வைக்கலாம். எனக்கு நேரம் இருக்கு, எங்கயும் போகல்ல" என்றேன், மச்சினனுக்கும் கேட்கும்படி. பாஸ்போர்ட்டை எடுத்துப்போய் அலமாரியில், மனைவியின் பட்டுச் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். அங்கிருந்து எதையும் எடுக்கும் துணிச்சல் அவனுக்கு வராது.

ஞாயிறு காலை, தூண் வேலை ஓடிக்கொண்டிருந்தபோது அவன் அறைக்குள் வந்தான். கையில் ஜீன்ஸ். விமானத்துக்குப் போட்டுப்போக வேண்டியது. மழையில் துவைத்து, நாள்கணக்காகக் கொடியில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"அத்தான், அக்கா தட்டத்த எடுத்துட்டா. இத செத்த நேரம் அந்த முக்காலில..."

"வேகத்தக் கொறச்சிரட்டா மக்கா?"

அவன் ஜீன்ஸை விரித்துப் போட்டு, ஃபேனுக்கு நேராகப் பின்பக்கத்தைத் திருப்பி வைத்தான்.