கூட்டம் சேர்க்கிற வேலை

எனக்கு ஆட வராது. அதனால் கூட்டம் சேர்க்கிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் செட்டில் ஆறு பேர். அதில் தாரணி வைத்ததுதான் சட்டம். அவள் அப்பாவுக்குத் திருப்பூர் நல்லூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி இருந்தது, அவள் கையில் நல்ல போன் இருந்தது. அந்தப் போனைச் சுவரில் சாய்த்து வைத்து, தானும் சேர்ந்து ஆடி ஒரு நடனப் படம் எடுத்தாள். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. கம்பெனி மொட்டை மாடியில் துணியைக் காயப்போட்டிருப்பார்கள். ஐந்து பெண்கள் அதற்கு நடுவே ஆடுவார்கள், ஒளிவார்கள், வேறொரு துணிக்குப் பின்னாலிருந்து வெளியே வருவார்கள். பாட்டுக் கிடையாது. கீழே ஓடுகிற தையல் மிஷின்களின் சத்தத்தைப் பதிவு செய்து அதையே தாளமாக வைத்திருந்தாள். மொத்தமே பத்து நிமிஷம்.

முதலில் என்னையும் ஆடவிட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் இடது பக்கம் போனால் நான் வலது பக்கம் போய் யார் மேலாவது முட்டினேன். மூன்றாவது முறை முட்டியபோது தாரணி போனைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீ விட்டுரு புள்ள. ஆளுகளக் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சீன்னா போதும்."

கூட்டம் எதற்கென்றால், படத்தைப் பள்ளி ஆண்டு விழாவில் போட வேண்டும் என்பது எங்கள் ஆசை. தலைமையாசிரியைக்கு அதில் விருப்பம் இல்லை. டான்ஸ் என்றால் மேடையில் ஆடட்டும், போனில் எடுத்ததை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்றார். பி.டி. மிஸ்தான் எங்களுக்காகப் பேசினார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்தை எங்கேயாவது போட்டுக்காட்டுவது. எங்கள் வயதுப் பிள்ளைகள் ஐம்பது பேராவது வந்து முழுதாக உட்கார்ந்து பார்ப்பது. பி.டி. மிஸ் வந்து பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னால் ஆண்டு விழாவில் இடம்.

ஐம்பது பேர். அந்த ஐம்பது பேரும் என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்கிய பிறகும், இது நம்ம பஸ்தானா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிற ஆள் நான். ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் பாதிப் பாடத்தில் எழுந்து பாத்ரூமுக்கு ஓடினேன்.

டியூஷன் முடிந்து வருகிற பையன்களைக் கேட்டுப் பார்த்தேன். "படத்துல சண்டை இருக்குங்களா?" என்றான் ஒருவன். இல்லை என்றேன். "நீ ஆடறியா?" என்றான் இன்னொருவன். அதுவும் இல்லை என்றேன். "அப்பன்னா யோசிக்கலாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன்.

பிறகு தாரணி ஒரு யோசனை சொன்னாள். வருகிறவர்களுக்கு எல்லாம் டீ சர்ட் இலவசம். அவள் அப்பா கம்பெனியில், பிரிண்ட் லேசாகத் தள்ளிப் போனதால் எக்ஸ்போர்ட்டில் கழித்த மஞ்சள் டீ சர்ட்டுகள் இரண்டு பெட்டி கிடந்தன. போனில் அறிவிப்புப் போட்டாள். அரை மணி நேரத்தில் பதில்கள் வந்துவிட்டன. "எங்க ஊட்ல நாலு மூட்டை கெடக்குது, வந்து தூக்கிட்டுப் போறீங்களா?" என்று ஒருத்தி. "எங்கம்மா வீடு தொடைக்கக்கூட இனி வேண்டாங்குது" என்று ஒருத்தன். திருப்பூரில் டீ சர்ட்டைக் காட்டி ஆள் பிடிக்கலாம் என்று நினைத்தவர்கள் எங்களுக்கு முன்னால் யாராவது இருந்திருப்பார்களா தெரியவில்லை. காதர்பேட்டை பனியன் சந்தைக்கு வடநாட்டிலிருந்து ரயிலேறி வந்து வாங்குகிறார்கள் என்பது வேறு விஷயம்.

வீட்டில் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தது அத்தைதான். அப்பாவின் தங்கை. கல்யாணமாகவில்லை, எங்களோடுதான் இருந்தாள், பெரிய கம்பெனி ஒன்றில் டெய்லர். நாங்கள் தெற்கேயிருந்து வந்து பத்து வருஷம் ஆகியிருந்தாலும் அத்தையின் பேச்சு மட்டும் இன்னும் பஸ் ஏறவில்லை. அன்றைக்கு அவள் எங்கள் படத்துக்குத் திரை தைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணி அகலம் போதாததால் இரண்டு துண்டைச் சேர்த்து நடுவில் ஒரு தையல்.

"ஏட்டி, என்னத்துக்கு இப்படி முழிக்க?"

"ஆளு வரலன்னா என்ன செய்ய அத்தை?"

"யாரு வேணுங்காவ?"

"எங்க வயசுப் பிள்ளைங்க. அம்பது பேரு."

"அம்பதுதானா! நான் என்னமோ கலெக்டரக் கூட்டியாரச் சொல்லுதாவன்னு பயந்துட்டேன். நீ போய்ச் சோத்தத் தின்னு. நான் கூட்டியாரேன்."

எங்கள் தெருப் பிள்ளைகளைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

ஞாயிறு மதியம், தாரணி அப்பா கம்பெனியின் பேக்கிங் ஹாலில் திரையைக் கட்டினோம். புரொஜெக்டர் வாடகைக்கு வந்தது. மூன்று மணி என்று சொல்லியிருந்தோம். மூன்று மணிக்கு ஹாலில் இருந்தவர்கள்: ஆடிய ஐந்து பேர், அவர்களின் தம்பி தங்கைகள், தாரணியின் ஒன்றுவிட்ட அண்ணன், பிறகு பி.டி. மிஸ். மிஸ் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் விசிறிக்கொண்டார். நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். தாரணி என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அப்போதுதான் தெருமுனையில் அத்தை திரும்பினாள். அவள் பின்னால் இரண்டிரண்டு பேராக ஒரு வரிசை. நீண்டுகொண்டே வந்தது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, தலையில் கனகாம்பரம், பளிச்சென்ற சுடிதார். வரிசையின் கடைசியில் ஒரு பெண்மணி, கையில் குடையோடு.

அத்தையின் கம்பெனி ஹாஸ்டல் பெண்கள். வெளியூர்களிலிருந்து வந்து தங்கி வேலை செய்கிறவர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, குடையோடு வந்த அந்த வார்டன் அவர்களைக் கடைவீதிக்குக் கூட்டிப் போவது வழக்கம். அந்த மாதத்து ஞாயிறு அதுதான். அத்தை வார்டனிடம் எப்படிப் பேசினாளோ, கடைவீதிக்குப் போக வேண்டியவர்கள் எங்கள் ஹாலுக்கு வந்துவிட்டார்கள்.

"எண்ணிக்கோட்டி, அம்பதுக்கு மேலேயே இருக்கும்" என்றாள் அத்தை. கம்பெனியில் மிஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல். ஹால் முழுக்கக் கேட்டது.

அவர்கள் செருப்பை வாசலில் வரிசையாக விட்டு வந்து, சொல்லாமலே வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள். எங்கள் செட்டில் ஒருத்தி தாரணியின் காதில் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் அத்தை தையல்காரி என்பது முன்பே அவர்களுக்குத் தெரியும். ஆனால் தெரிவது வேறு, இப்படி ஊர்வலமாக வந்து உட்காருவது வேறு. என் காது சூடாகிவிட்டது.

பி.டி. மிஸ் அத்தையிடம் மரியாதையாகத்தான் கேட்டார்: "ஏனுங்க, இவங்கெல்லாம் எந்த ஸ்கூலுங்க?"

"ஸ்கூல் இல்ல டீச்சர், எங்க கம்பெனிப் பிள்ளைய."

"இல்லீங்க, ஹெச்.எம். கேட்டது இவங்க வயசுப் புள்ளைங்க..."

"அதத்தான நானும் சொல்லுதேன். வயசு அதே வயசுதான். உங்களுக்குச் சந்தேகம்னா கேட்டுருவோம்." அத்தை கும்மாளமாகத் திரும்பினாள். "ஏட்டிகளா, ஒவ்வொருத்தியா எந்திரிச்சு டீச்சர்ட்ட வயசச் சொல்லுங்க பாப்போம்!"

வாசலில் நின்றிருந்த வார்டன் போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

முதல் வரிசையில் முதல் பெண் சட்டென்று எழுந்தாள். கையைக் கட்டிக்கொண்டாள். "பதினெட்டுங்க."

உட்கார்ந்தாள். அடுத்தவள் எழுந்தாள். "பதினெட்டுங்க."

அடுத்தவள். "பதினெட்டுங்க."

ஒரே குரல், ஒரே மாதிரி கைகட்டு. நாலாவது ஐந்தாவது ஆளில் எங்கள் பக்கம் சிரிப்புத் தொடங்கிவிட்டது. தாரணியின் அண்ணன் எழுந்து கையைக் கட்டி, "பதினெட்டுங்க" என்று சொல்லிக்காட்டினான். வரிசை நிற்கவில்லை. யாரும் போதும் என்று சொல்லாததால் அவர்கள் எழுந்து எழுந்து சொல்லிக்கொண்டே போனார்கள். கடைசியில் ஒரு சின்ன உருவம், என் தோள் உயரம் இருப்பாள், எழுந்து "பதி..." என்றாள், வாசலைப் பார்த்தாள், "...னெட்டுங்க" என்று முடித்தாள்.

அத்தையின் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. பார்த்தபோது திரையின் ஓரத்தைப் பிடித்து, ஏற்கெனவே கட்டியிருந்த முடிச்சை மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள்.

"போதுங்கண்ணு, உக்காருங்க" என்றார் மிஸ். அத்தையைப் பார்த்தார். அத்தை மிஸ்ஸைப் பார்க்கவில்லை. மிஸ் கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு, "படத்தப் போடுங்க" என்றார்.

எனக்கு அந்த நிமிஷம் பேக்கிங் பெட்டி ஒன்றுக்குள் போய் டேப் ஒட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. எங்கள் வயது என்று வாய் கிழியச் சொல்லிவிட்டு, பெரிய பெண்களைக் கூட்டி வந்து, மிஸ் முன்னால் எல்லோரும் உண்மையைச் சொல்ல, அத்தை பொய்யோடு மாட்டிக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன்.

படம் ஓடியது. நடுத்தையலைத் தாண்டும்போதெல்லாம் ஆடுகிறவர்களின் இடுப்பு ஒடிந்து மறுபடி சேர்ந்தது. மிஷின் தாளம் வந்ததும் முன்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். "ஏய், நம்ம மிஷின் லைனுடி!" சம்மணம் போட்டிருந்தவர்கள் காலை நீட்டி, தரையை மிஷின் பெடல்போல் மிதிக்கத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் ஹாலே தடதடத்தது. யாரோ விசிலடித்தார்கள். படம் முடிந்ததும் இன்னொரு தடவை கேட்டார்கள். மறுபடி போட்டோம். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. தாரணி கேட்ட கூட்டம் அதுதான். எந்தப் படத்துக்கும் அப்படி ஒரு கூட்டம் அமையாது. எனக்கோ, எப்போது முடியும், எப்போது இவர்கள் போவார்கள் என்றே இருந்தது.

போகும்போது வாசலில் நின்று மஞ்சள் டீ சர்ட்டைக் கொடுக்கிற வேலையும் என்னுடையதே. தினமும் இதையே தைக்கிறவர்கள், வேண்டாம் என்பார்கள் என்று நினைத்தேன். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். கடைசியாக அந்தச் சின்ன உருவம் வந்தது.

"சின்ன சைஸ் இருக்காக்கா? தம்பிக்கு."

தாரணி பக்கத்தில் நிற்கிறாள். பதினெட்டு வயதுக்காரி என்னை அக்கா என்கிறாள். அவ்வளவு முற்றிப்போன மூஞ்சியா எனக்கு என்று அதற்கும் ஒரு வெட்கம். பெட்டியில் தேடாமலே, "இல்லை" என்றேன். பரவாயில்லை என்பதுபோலத் தலையாட்டி, பெரியதையே மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

ஆண்டு விழாவில் படம் போடவில்லை. மாணவிகள் யாரும் வரவில்லையாமே என்று தலைமையாசிரியை கேட்டாராம். ஐந்து பேரும் வேறு ஏதோ பாட்டுக்கு மேடையில் ஆடினார்கள். "உங்கத்தை சொதப்பிட்டாங்க புள்ள" என்று தாரணி ஒரே ஒருதரம் சொன்னாள். அதற்குப் பிறகு என்னிடம் எந்த வேலையும் கொடுக்கவில்லை. பள்ளி வராந்தாவில் கொஞ்ச நாள் என்னைக் கண்டால் பிள்ளைகள் கையைக் கட்டி "பதினெட்டுங்க" என்றார்கள்.

வீட்டில் நான் அத்தையோடு பேசவில்லை. அவளாகவே ஒரு நாள், பூக் கட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "தப்புதான்ட்டி. வயசக் கேட்டிருக்கக் கூடாது நான்."

"அவங்க வயசு தெரியாமத்தான் கூட்டிட்டு வந்தீங்களா?" என்றேன்.

அத்தை நாரை இழுத்து இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

அடுத்த வருஷம் அப்பா, லாரியில் துணிக்கட்டு ஏற்றும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பழையபடி எழுந்திருக்கவே இல்லை. நான் பத்தாவதைப் பாதியில் விட்டேன். அத்தையின் கம்பெனிக்கே அத்தையோடு நடந்து போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் போனதும் அவள் நடையைக் குறைத்தாள்.

"யாராச்சும் வயசு கேட்டா..." என்று ஆரம்பித்துவிட்டு, என் துப்பட்டாவைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாள்.

சில மாதம் கழித்து, துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பி, கம்பெனியைச் சோதிக்க ஆட்கள் வந்தார்கள். அன்றைக்குத் தரையெல்லாம் கழுவிவிட்டிருந்தார்கள். சூப்பர்வைசர் முந்தின நாளே எங்களை வரிசையாக நிறுத்திச் சொல்லிக்கொடுத்திருந்தார், சொல்லவும் வைத்திருந்தார். வந்ததில் ஒரு அம்மா என் மிஷின் பக்கத்தில் நின்று, சிரித்த முகமாக, "உனக்கு எத்தன வயசு கண்ணு?" என்று கேட்டார்.

பஸ்ஸில் ஏறிய பிறகும் பஸ்ஸைச் சந்தேகப்படுகிற நான், ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. எழுந்தேன். கை தானாகக் கட்டிக்கொண்டது.

"பதினெட்டுங்க."

அவர் எழுதிக்கொண்டு அடுத்த மிஷினுக்குப் போனார். நான் உட்கார்ந்து பெடலை மிதித்தேன். சின்ன சைஸ் கேட்டவள் என்னை அக்கா என்று கூப்பிட்டது அப்போதுதான் என் காதில் விழுந்தது.