ஆசிப் நிற்கும் கட்டம்

செல்லூரில் எங்கள் எதிர்வீடு முபீனாவுடையது. நைட்டி தைப்பாள். கல்யாணமான ஆறாம் மாதமே புருஷன் முகமது ஆசிப் சவூதிக்குப் போய்விட்டான். அங்கே ஒரு கடையின் குடோனில் வேலை. வெள்ளிக்கிழமை மட்டும்தான் ஆற அமரப் பேச முடியும்.

போகிற அன்று அவள் போனில் ஒரு கேமை ஏற்றிக் கொடுத்தான். ஒரே நிறப் பழங்களை மூன்று மூன்றாகச் சேர்க்க வேண்டும். எல்லாம் தீர்ந்தால் அடுத்த கட்டம். கட்டங்கள் ஒரு மலைப்பாதையில் வரிசையாக இருக்கும். யார் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்களோ அங்கே அவர்கள் போட்டோ நிற்கும். "நானும் ஆடுறேன். ரெண்டு பேரும் சேந்தே போவோம்" என்றானாம்.

அவன் போட்டோ ஒரு கட்டம் முன்னால் நின்றது. இவள் நிற்கிற கட்டத்தை முடித்தால் பக்கத்தில் போய்விடலாம். முடியவேயில்லை. கடைசியில் ஒரே ஒரு பழம் மிஞ்சும், அதற்குள் நகர்த்துகிற வாய்ப்பு தீர்ந்துவிடும். உடனே, இன்னும் ஐந்து மூவ் வேண்டுமா, பணம் கட்டு என்று ஒரு பெட்டி பல்லைக் காட்டும். இலவசம் என்று கூப்பிடுகிறவன் சும்மாவா கூப்பிடுவான்? எலிப்பொறியில் மசால்வடை வைப்பது எலிக்குப் பசிக்குமே என்றா?

தினமும் சாயங்காலம் மஃரிப் தொழுகைக்கான பாங்கு முடிந்ததும் போன் சிணுங்கும். 'ஆசிப் உங்களுக்காகக் காத்திருக்கிறார்.' தையல் மிஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள். தைத்த கூலியெல்லாம் அந்தப் பெட்டிக்குள் போனது. நான் திட்டினேன்.

"சரண்யாக்கா, அவுக வேல முடிஞ்சு வந்து ஒக்காந்து கூப்புடுறாக. நான் போகாம இருந்தா எப்படி?"

போன வியாழக்கிழமை ஒருவழியாக அந்தக் கட்டம் முடிந்தது. மறுநாள் ஆசிப் கூப்பிட்டபோது நானும் அங்கேதான் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"மச்சான், ஒங்க பக்கத்துல வந்துட்டேன்!"

"எங்கடி?"

"கேம்லதான்."

அவன் சிரித்துவிட்டான். "அதையா இன்னும் ஆடிட்டு இருக்க? நான் போன நோன்புக்கு முன்னாடியே அழிச்சுட்டேன்டி. எதுக்கெடுத்தாலும் காசு காசுன்னு புடுங்குறான்."

"அப்ப தெனமும் மெசேஜ் வருதே?"

"அது கம்பெனிக்காரன் தானா அனுப்புறது."

சாப்பிட்டீகளா என்று கேட்டாள் முபீனா.

எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆசிப் மேல் தப்பில்லை. ஒரு பெண் யாருக்காக ஏங்குகிறாளோ அவன் பெயரைச் சொல்லியே கூப்பிட்டுக் காசு பறிக்கிறார்களே, அந்தப் பாவிகளை என்ன செய்ய?

அன்று சாயங்காலமும் பாங்கு முடிந்ததும் போன் சிணுங்கியது. ஆசிப் காத்திருக்கிறாராம்.

"அழிச்சுத் தொலை புள்ள" என்றேன்.

அவள் திறந்து பார்த்தாள். இரண்டு போட்டோவும் ஒட்டி நின்றன. புதுக் கட்டம் ஆடு ஆடு என்று மின்னியது. அதை அவள் தொடவில்லை.

"ஆட மாட்டேன்க்கா. ஜெயிச்சுட்டா நான் முன்னாடி போயிருவேன். அவுக தனியா நிப்பாக."