எண்ணெய் இறங்கும்வரை

யுக் சானுக்கு மூன்று முறை கை ஒடிந்திருக்கிறது. மூன்று முறையும் ஆஸ்பத்திரியில், "படியில வழுக்கிட்டேன்" என்றுதான் சொன்னாள். அவர்கள் வீட்டில் படியே கிடையாது. எதிர்ப்பக்கம் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் எனக்கு அது தெரியும். யுவென் லாங் சந்தைத் தெருவுக்கே தெரியும். அவள் அலறும்போது நான் ரேடியோவைச் சத்தமாக வைப்பேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவள் புருஷன் மாக் சீ ஹுங் பன்றிக்கறி வெட்டுகிறவன். கத்தி தீட்டும் இரும்புக் கோல் எப்போதும் இடுப்பில் தொங்கும். சூப்பில் உப்புக் குறைந்தால் அடி, கூடினால் அடி. சூதில் தோற்றால் அடி, ஜெயித்தால் குடித்துவிட்டு வந்து அடி. ஒருமுறை அவள் முன்பல் என் கடை வாசல்வரை தெறித்தது. பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறென்ன கிழித்தேன்?

அந்தப் பாவி பயந்தது ஒன்றே ஒன்றுக்கு. சீனக் கணக்கில் வருடக் கடைசி மாதம் இருபத்தெட்டாம் தேதி, புத்தாண்டுப் பலகாரத்துக்காக அடுப்பில் ஏறும் எண்ணெய்க்கு. அது இறங்கும்வரை வீட்டில் யாரும் திட்டக்கூடாது, கை ஓங்கக்கூடாது. சாவு, சுடும், கருகும் என்ற வார்த்தைகள் வாயில் வரவே கூடாது. எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் அவன் அப்பா ஒரு வருடம் எண்ணெய் முன்னால் நின்று வாய்க்கு வந்தபடி பேச, அந்த மாதமே வீடு எரிந்ததாம். ஒருமுறை நான் வாய் தவறி, "கருகப் போகுதுடி" என்றுவிட்டேன். மாக் ஓடி வந்தான். "வாயைக் கழுவுக்கா, மொதல்ல வாயைக் கழுவு" என்று வெல்லக்கட்டியை அவனே என் வாயில் திணித்தான்.

யுக் சான் செய்வது கிழங்கு இறால். பெயரில்தான் இறால். சேப்பங்கிழங்கைத் தீக்குச்சி கனத்துக்கு அரிந்து, உப்பும் மசாலாப் பொடியும் அரிசி மாவும் பிசறி, பிடிப்பிடியாக எண்ணெயில் விட்டால் இறால் கால்போல நாலாபக்கமும் விரிந்து மொறுமொறுக்கும். அவள் பிறந்த வீட்டில் கிழங்கைத் துருவ மாட்டார்கள், கத்திதான். துருவினால் நீர் விட்டு நமுத்துப்போகும் என்பாள்.

கல்யாணமாகிப் பதினோராம் வருடம், அதே இருபத்தெட்டாம் தேதி. கிழங்கு பட்டு, "கை அரிக்குது" என்றாள்.

"எனக்குந்தான் அரிக்குது. எண்ணெய் இறங்கட்டும், இருக்கு உனக்கு" என்றான் மாக்.

அவன் தூங்கும்வரை அவள் இறக்கவில்லை. மறுநாளும் ஏற்றினாள். புத்தாண்டு போனது, அதற்குப் பதினைந்தாம் நாள் வரும் விளக்குத் திருநாளும் போனது. கேட்டால், "கடைக்காரங்க இன்னும் கேக்குறாங்க" என்பாள். அவன் எழுமுன் ஏறும் சட்டி, அவன் குறட்டை விட்ட பிறகுதான் இறங்கும். மூன்று மாதம் ஒரு அடி விழவில்லை. அவள் கன்னத்தின் உண்மையான நிறத்தை அப்போதுதான் பார்த்தேன். தெருவே வாங்கித் தின்றது.

டீக்கடையில் வாய் சும்மா இருக்குமா? "என்ன மாக், உன் வீட்ல தினமும் புத்தாண்டாமே? பொண்டாட்டி மேல கை நீட்ட அனுமதி கெடைக்கலியாமே?" என்று ஒருவன் கேட்டுவிட்டான்.

அன்று மத்தியானம் மாக் இரும்புக் கோலோடு வீட்டுக்கு வந்தான். கிழங்கு இறால் வாங்கப் போன நான் அடுப்படியில் நின்றிருந்தேன். அடுப்பை அணைத்தான்.

"எண்ணெய் இறங்குனாத்தானே உன் சட்டம் போகும்? நானே இறக்குறேன். அப்புறம் உன் முதுகெலும்ப ஒவ்வொண்ணா எண்ணுறேன்."

கடைசி ஈடை அவள் அப்போதுதான் அரித்தெடுத்திருந்தாள். எண்ணெயில் நுரை இல்லை, சத்தம் இல்லை. அவன் ஆயுசு முழுக்கப் பன்றி வெட்டினவன், ஒரு முட்டை பொரித்ததில்லை. சடசடத்தால் சூடு, அடங்கினால் ஆறிவிட்டது என்று நினைப்பு. கிழங்கு போட்டால்தான் எண்ணெய் சத்தம் போடும். சும்மா கிடக்கும் எண்ணெய்தான் ஆளைத் தின்னும். அது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள். வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. இருவரும் சொல்லவில்லை.

சட்டியின் இரண்டு காதையும் வெறுங்கையால் பற்றித் தூக்கினான். அலறி உதறியதில் சட்டி சாய்ந்து, வலது கை முழங்கைவரை எண்ணெயில் நனைந்தது. தோல் சட்டைக் கைபோலக் கழன்று தொங்கியது. அக்குளில் இடுக்கியிருந்த இரும்புக் கோல் விழுந்து உருண்டு என் காலடியில் வந்து நின்றது. அந்த அலறலுக்கு நான் ரேடியோவைத் தேடவில்லை. நிறைவாகக் கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுக்குள்ளிருந்து முனகினான். "சுடும்னு ஒரு வார்த்தை சொன்னா என்னடி?"

"எண்ணெய் இறங்கலையேங்க. அதுக்கு முன்னால அந்த வார்த்தையச் சொல்லக்கூடாதே. உங்க வீட்டு வழக்கந்தானே" என்றாள் யுக் சான்.

அவன் வலது கை விரல்கள் ஒட்டிப்போய்விட்டன. கோல் என்ன, சாப்பாட்டுக் குச்சிகூடப் பிடிக்க வராது. அடுத்த வருடம் அவள் இருபத்தெட்டாம் தேதி ஒருநாள் மட்டும் சட்டி ஏற்றினாள். மற்ற நாட்களில் தேவைப்படவில்லை.