நாலு மணி பஸ்ஸும் ஓடாத மோட்டாரும்

எரிந்துபோன மோட்டாருக்குள் புதிதாகக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டுவது என் தொழில். கள்ளக்குறிச்சியில் சின்னப் பட்டறை. பள்ளிக்கூடத்தில் நான் தேறியது கம்மி. மோட்டாரைப் பிரித்துப் போட்டு, திட்டு வாங்கி, மறுபடி சேர்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அப்படிப்பட்டவனைத் தேடி ஒருநாள் கல்வராயன் மலையிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் தொழிற்பிரிவு எடுத்த பிள்ளைகளைப் பரீட்சைக்கு முன்னால் கொஞ்ச நாள் நிஜமான பட்டறைகளில் விட வேண்டுமாம்.

"டீ வாங்க அனுப்பாதீங்க, பெருக்கச் சொல்லாதீங்க. வேலையக் காட்டுங்க, போதும்" என்றார்.

"அதுக்கின்னாங்க, காட்டிட்டா போச்சு" என்றேன். சொல்வதற்கு எவ்வளவு சுலபமான வார்த்தை!

வந்தது ஒரு பெண்பிள்ளை. காலை பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கும், நாலு மணி பஸ்ஸில் ஏறிவிடும். என்னை "சார்" என்று கூப்பிடும். யாரோ ஆபீசர் வந்துவிட்டார் போல என்று நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். கைவேலை சுத்தம். மோட்டாருக்குள் கம்பி உட்காரும் இரும்புப் பள்ளங்களில் காகிதம் செருகச் சொன்னால் நகம் படாமல் செருகும். கம்பியைச் சுற்றச் சொன்னால் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்றும். ஒரே ஒரு கேள்விதான் அதற்கு.

"எப்ப சார் ஓட்டிப் பாப்பீங்க?"

"சாயங்காலம், ஆளு வரட்டும்."

எங்கள் தெருப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. மோட்டாரின் சொந்தக்காரர் எதிரில் வந்து நின்றால்தான் சுவிட்சைப் போடுவோம். இல்லாவிட்டால் பிறகு தகராறு வரும். 'நீயே ஓட்டி எரிச்சிட்டு என் தலைல கட்டுனியா?' என்பார்கள். ஒரு பெரியவர் என்னிடம், "மாப்ள இல்லாம தாலி கட்டுவியா? அது மாரிதான் இது" என்றே சொல்லியிருக்கிறார். விவசாயிகள் வயல் வேலை முடிந்து, கைகால் கழுவிக்கொண்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவார்கள். அதற்குள் பிள்ளையின் பஸ் மலை வளைவு ஏறியிருக்கும்.

மறுநாள் காலையில் பையை வைப்பதற்குள் கேட்கும். "நேத்து மோட்டார் ஓடுச்சா சார்?"

"ஓடிச்சு."

"சத்தம் எப்டி இருந்துச்சு?"

ஊரெல்லாம் என்னை வாயாடி என்று சொல்கிறது. அந்தச் சத்தத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொள்வேன். சமைத்தவள் ஒருத்தி, சாப்பிட்டவன் ஒருவன். நடுவில் நான் ருசி சொல்லிக்கொண்டு இருந்தேன். வேலையைக் காட்டுங்க என்று டீச்சர் கேட்டது இதைத்தானா?

பயிற்சி முடிய ஒருநாள்தான் பாக்கி என்றபோது அந்தப் பிள்ளை வீட்டுக் கதையைச் சொன்னது. பரீட்சை முடிந்ததும் தன்னோடு மிளகு பறிக்கிற எஸ்டேட்டுக்கு வந்துவிடச் சொல்கிறாராம் அம்மா. பிள்ளைக்கு ஐடிஐ-யில் எலக்ட்ரீசியன் படிக்க ஆசை.

"கீழ போய் நூல் சுத்திக்கினு வரியான்னு அம்மா கேக்குது சார். நாளைக்கி சந்தைக்கு வருது. பட்டறையப் பாத்துட்டு முடிவு சொல்றேன்னிச்சு."

அதிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. வடக்கனந்தல் கரும்புக்காரர் ஒருவரின் கிணற்று மோட்டாரை அந்தப் பிள்ளைதான் முழுசாகக் கட்டி முடித்திருந்தது. வார்னிஷ் பூசி வெயிலில் வைத்து, கோழியை வாட்டுவதுபோலத் திருப்பித் திருப்பி வைத்தேன். கரும்புக்காரருக்குப் போன் போட்டேன். "நாளைக்கி மத்தியானமே வந்துருங்க" என்றேன். "வரேன், வரேன்" என்றார்.

மறுநாள் அம்மா வந்தார். மிளகாயும் கருவாடுமாக ஒரு பை. கவிழ்த்து வைத்த டப்பாவின்மேல் உட்கார்ந்து மகளின் கையையே பார்த்தார்.

"கயிறு எங்கூட்லயும்தான் திரிக்கிறோம்" என்றார்.

மத்தியானம் போயிற்று. கரும்புக்காரர் வரவில்லை. போன் போட்டால் பின்னால் ஆட்கள் கூச்சல்.

"ஆலைலேர்ந்து வெட்றதுக்கு ஆர்டர் வந்துட்சிபா. டிராக்டர் நிக்குது, ஆளுங்க வெட்டிக்கினு இருக்காங்க. எங்க வர்றது? பொழுது போயி வரேன்."

"அப்ப நானே போட்டுப் பாத்துக்கட்டுமா?"

"இன்னாது? நான் இல்லாமயா?"

தெருமுனைவரை போனேன், திரும்பினேன், மறுபடி போனேன். எதிர் டீக்கடைக்காரர், "இன்னா அண்ணே, பிரசவ ஆஸ்பத்திரி வாசல்ல நடக்கற மாரி நடக்கறீங்க, ஆணா பொண்ணா?" என்றார். உள்ளே அம்மா, "பஸ்ஸு போயிரும்டீ, கெளம்பு" என்று எழுந்துவிட்டார்.

அப்போதுதான் உறைத்தது. மலை பஸ் வடக்கனந்தல் வழியாகத்தானே போகிறது? இவர்கள் அங்கேயே ஏறிக்கொள்ளலாம். சொந்தக்காரர் மோட்டாரிடம் வராவிட்டால் மோட்டார் அவரிடம் போகட்டும். குட்டியானை லோடு வண்டியைக் கூப்பிட்டு மோட்டாரை ஏற்றினேன். அம்மாவை முன்னால் உட்காரவைத்து, நானும் பிள்ளையும் பின்னால் நின்றோம். வழியெல்லாம், கரண்டு இருக்கணும், கரண்டு இருக்கணும் என்று முணுமுணுத்தபடி வந்தேன்.

கிணறு ரோட்டோரம்தான். கரும்புக்காரர் வெட்டுக்கத்தியோடு ஓடி வந்தார். "விடமாட்டியாயா நீ?" என்று சிரித்தபடியே மோட்டாரைப் பிடித்தார். போல்ட்டை முறுக்கி, ஒயரை மாட்டி, குழாயில் தண்ணீர் ஊற்றி நிரப்பினோம். கரண்டு இருந்தது. சுவிட்சைப் போட்டேன். சத்தம் சுத்தமாக வந்தது. தண்ணீர்தான் சரியாக வரவில்லை, வந்தது வெறும் ஒழுகல்.

"இன்னாயா இது, சின்னப் பையன் ஒண்ணுக்குப் போற மாரி! இதுக்கா வெட்ற ஆள வுட்டுட்டு வந்தேன்?" என்றார் அவர்.

தூரத்து வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. "பஸ்ஸு! பஸ்ஸு வந்துட்சி!" என்று அம்மா பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். போச்சு என்று நினைத்தேன்.

பிள்ளை பஸ்ஸைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. மோட்டாரின் பின்பக்க விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சார், எதிர்ச் சுத்து சுத்துது."

எனக்கும் அதே நேரம்தான் புரிந்தது. அவசரத்தில் மூன்று ஒயரையும் கைக்கு வந்தபடி மாட்டியிருந்தேன். ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் சுழற்சி நேராகி, தண்ணீரும் ஏறிவிடும். மெயினை அணைத்து, பியூசைப் பிடுங்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஸ்பேனரைப் பிள்ளையிடம் கொடுத்தேன். என் கை அந்தப் பிள்ளையின் கையைவிட வேகம். அதனாலேயே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். பஸ் கிட்டே வந்தது. ஹாரன் விடாமல் அடித்தது. பிள்ளை நிதானமாக நட்டை இறுக்கியது.

மறுபடி சுவிட்ச். குழாய் ஒரு தடவை இருமியது, இன்னொரு தடவை இருமியது. பிறகு வாய் நிறையத் தண்ணீரைத் தொட்டியில் அடித்தது. கரும்புக்காரர் இடுப்புவரை நனைந்துபோய், "அப்டி வா வழிக்கு!" என்று கத்தினார். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு காதை மோட்டார் பக்கம் சாய்த்தது.

அப்போதுதான் ரோட்டைப் பார்த்தேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. அதன் எதிரில், நடு ரோட்டில் கருவாட்டுப் பையை இறக்கி வைத்துவிட்டு அம்மா நின்றிருந்தார்.

"எம்மா, நவுரும்மா! மேல போய்ச் சேர வேணாமா?" என்று கண்டக்டர் கத்தினார்.

"இருய்யா. எம்பொண்ணு தண்ணி வுட்டுக்கினு இருக்குது, தெரியல? வந்துரும்."

ஜன்னல் முழுக்கத் தலைகள். பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு ஓடியது. அம்மா படியில் ஒரு காலை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்பா, அந்த ஐடிஐ ஹாஸ்டல்ல சோறு அவங்களே போடுவாங்களா, நம்ம வாங்கித் திங்கணுமா?"

எனக்குத் தெரியவில்லை. "விசாரிச்சு சொல்றேம்மா" என்று கத்தினேன். விசில் அடித்துவிட்டார்கள்.

இப்போதெல்லாம் பயிற்சிப் பிள்ளைகள் இருக்கிற நாட்களில், சொந்தக்காரர்களிடம், மோட்டாரை எடுக்கக் காலையிலேயே வாங்க என்கிறேன். "பட்டறைக்காரனுக்குப் பவுசு ஜாஸ்தியாயிட்சி" என்று திட்டிக்கொண்டே வருகிறார்கள்.

அன்றைக்கு அதெல்லாம் தோன்றவில்லை. மறுநாள் விடிந்ததும் பட்டறையைக்கூடத் திறக்காமல் ஐடிஐ வாசலில் போய் நின்றேன். "ஆபீஸ் தொறக்க நேரமாவும், அப்டி உக்காருங்க" என்றார் வாட்ச்மேன்.

உட்காருவதா? கேட்டுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.