மரியம் டீச்சர் எடுத்த புத்தகம்

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் எட்டு எழுத்தாளர்கள் தங்களுக்கு உயிரான புத்தகங்களைச் சொல்லியிருந்தார்கள். காபி ஆறியதுகூடத் தெரியாமல் படித்தேன். அப்படி ஓர் எழுத்தாளர் சொன்ன ஒரே ஒரு பெயரால் நான் ஆடிப்போன கதை உங்களுக்குத் தெரியாதே.

ராமநாதபுரத்துக் கிளை நூலகத்தில் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அறுபதுகளின் தொடக்கம். கிழிந்த புத்தகங்களை ஒட்ட மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையின் நெடி என் புடவையை விட்டுப் போனதே இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மெல்ல நகர்ந்துகொள்வார்கள். போதாததற்கு, தேதி முத்திரையைப் பாதி நாள் தலைகீழாகக் குத்துவேன்.

அதைப் பார்த்துச் சிரிக்கிற ஒரே ஆள் மரியம் டீச்சர். தேவிபட்டினம் தொடக்கப்பள்ளியில் வேலை. பதினைந்து நாளுக்கொருமுறை சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இரண்டு புத்தகம் எடுப்பார். ஒன்று புதிதாக இருக்கும். இன்னொன்று எப்போதும் ‘வாடைக்கு முந்தி’ என்கிற ஒல்லியான நாவல். கொழும்பில் அச்சானது, எழுதியவர் ஹமீது என்று போட்டிருக்கும். திருப்பிக் கொடுத்த கையோடு மறுபடியும் பதியச் சொல்வார். மனப்பாடம் பண்ணுகிறீர்களா என்று கேலி செய்திருக்கிறேன். “எழுது தங்கச்சி” என்பதோடு சரி.

ஒரு வருஷம் நூலக விழாவுக்கு மெட்ராஸிலிருந்து பெரிய எழுத்தாளர் ஒருவரை அழைத்திருந்தோம். கூட்டம் முடியும் நேரத்தில் ஒரு வக்கீல் எழுந்து, ஐயாவுக்கு மிகவும் பிடித்த புத்தகம் எது என்று கேட்டார். வெள்ளைக்காரன் பெயர் ஏதாவது வரும், குறித்துக்கொள்ளலாம் என்று நான் பென்சிலோடு உட்கார்ந்திருந்தேன். எழுத்தாளர் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொன்னார். கொழும்பில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கி, ஒரே மூச்சில் படித்து, திரும்பும் ரயிலில் தொலைத்ததாம். பத்து வருஷமாகத் தேடுகிறாராம். “வாடைக்கு முந்தி” என்றார்.

சட்டென்று திரும்பினேன். பக்கத்து நாற்காலியில் மரியம் டீச்சர். அவர் மடியிலிருந்த துணிப்பையில் அந்தப் புத்தகம், காலையில் நானே முத்திரை குத்திக் கொடுத்தது. மேடையில் கொண்டுபோய்க் காட்டுகிறேன் என்று கையை நீட்டினேன். அவர் பையை இறுக்கிக்கொண்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

“நான் எழுதுனது தங்கச்சி. காக்கா பேருல அச்சாச்சு.”

காக்கா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். கொழும்பில் கடை வைத்திருந்த அண்ணன் வீட்டுக்குத் தெரியாமல் அச்சுப்போட்டு, நூலகத்துக்கு ஒரு பிரதியை அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறார். அவர் திடீரென்று இறந்ததும் மற்ற பிரதிகளெல்லாம் அங்கேயே தொலைந்துபோயின.

“அப்பறம் எதுக்கு டீச்சர் நீங்களே எடுக்குறீங்க?”

“யாருமே எடுக்கலேன்னா கழிச்சிருவீங்கள்ல.”

உண்மைதான். யாரும் எடுக்காத புத்தகங்களைத் தள்ளிவிடுகிற அந்தக் கழிவுப் பட்டியலை எழுதுவது என் வேலை.

எழுந்து சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். விஷயம் தெரியாத அவர் கணவர் முன்வரிசையில் கைதட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் மாட்டேன் என்று தலையாட்டினார். கூட்டம் கலைகிறபோது அவராகவே புத்தகத்தை எடுத்து என்னிடம் தந்தார். “அவருகிட்டக் குடுத்துரு. எம் பேரு மட்டும் சொல்லிராத.” எழுத்தாளர் அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். மறுபதிப்புப் போட்டுவிட்டுத் திருப்பி அனுப்புவதாகச் சொன்னார்.

மூன்று மாதம் கழித்து ஒரு பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார். ஹமீது கடலோடியாக இருக்க வேண்டுமாம். கரையில் காத்திருக்கும் பெண்ணின் மனசை ஓர் ஆண் இப்படி எழுதியது அதிசயமாம். டீச்சரிடம் காட்டினேன், சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் நின்றபடியே இரண்டு தரம் படித்துவிட்டு, “நல்லாப் படிச்சிருக்காரு” என்றார்.

மறுபதிப்பு வரவில்லை. அடுத்த வருஷமே எழுத்தாளர் மாரடைப்பில் போய்விட்டார். புத்தகத்தைக் கேட்டு நான் எழுதிய நான்கு கடிதங்களுக்கு அவர் வீட்டிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. பழைய புத்தகங்களையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார்களாம். டீச்சரிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு அட்டையை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். நடுவில் வேறு இரண்டு புத்தகம் எடுத்துவந்தவர், அன்றைக்கு ஒன்றுதான் எடுத்தார். பிறகு கணவரோடு எந்த ஊருக்கோ மாற்றலாகிப் போனவர், எங்கே இருந்தார் என்பதுகூட எனக்குத் தெரியாமலே போயிற்று.

அந்த நூலகக் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? நான்கு வருஷம் அந்தப் புத்தகத்தை வாங்கினேன், பதிந்தேன், கொடுத்தேன். ஒரு பக்கம்கூட நான் படித்ததில்லை.